ஏழாவது பலகை: ஈஸ்டருக்குப் போன விலாக்கறி ஏன் காய்ந்தது?

ஈஸ்டர் ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்கு வேலூர் பாகாயத்திலிருந்து போன் வந்தது. "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. வாசனையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கறி மட்டும் சக்கையா இருக்கு. எங்க வீட்டுப் பெரியவங்களால கடிக்கவே முடியல." கறி ஆர்டர் கொடுத்திருந்த ஆன்ட்டி திட்டியிருந்தால் தேவலை. பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தாலும் கொடுத்துவிட்டு மறந்திருப்போம். அவர் இரண்டுமே செய்யாததால்தான் இந்த விஷயத்தைக் கடைசிவரை தோண்டிப் பார்த்தோம்.

நானும் என் மச்சானும் காட்பாடியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு டிரம் வைத்து, சனி ஞாயிறு மட்டும் கறியைப் புகையில் வேகவைத்து ஆர்டருக்குக் கொடுக்கிறோம். வார நாட்களில் இருவருக்கும் வேறு வேலை. பெரும்பாலும் பன்றி விலா. சிலர் மாட்டு விலா கேட்பார்கள். ஒரு பக்கத்து விலா முழுவதும் வெட்டாமல் ஒரே துண்டாக வருவதை எங்களுக்குள் 'பலகை' என்று சொல்லிக்கொள்வோம். பன்னிரண்டு, பதின்மூன்று எலும்பு இருக்கும். கறிக்கடையில் இதைக் கேட்டு வாங்குவதே முதலில் பெரிய பாடாக இருந்தது. "முழுசாவா? இன்னா சார், வெட்டிக் குடுத்தாத்தானே சட்டில போவும்?" என்று கடைக்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார். இப்போது பழகிவிட்டார்.

டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை. ராணிப்பேட்டைப் பக்கம் பழைய 200 லிட்டர் டிரம்கள் மலிவாகக் கிடைக்கும். தோல் பதனிடும் ஷாப்பும் கெமிக்கல் கம்பெனியும் நிறைந்த ஊரிலிருந்து வரும் டிரம்முக்குள் முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. அதில் சமைக்காதீர்கள். எங்களுடையது சமையல் எண்ணெய் வந்த டிரம். அதையும் நாள் முழுக்க நெருப்பு போட்டு எரித்துத் தேய்த்த பிறகுதான் பயன்படுத்தினோம்.

ஆர்டர்

இருபது பேருக்கு ஆறு பலகை. விடியற்காலை ஆராதனை முடிந்து சொந்தக்காரர்கள் கூடும் மதியச் சாப்பாடு அது. தவக்காலம் முழுக்கக் கறி தொடாதவர்களும் அதில் இருந்தார்கள். நாற்பது நாள் காத்திருந்தவர்களுக்குச் சக்கையைக் கொடுத்திருக்கிறோம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஞாயிறு காலையில் டிரம் மூட்டினால் மதியத்துக்குள் வேகாது. அதனால் சனிக்கிழமையே வேகவைத்து, ஞாயிறு காலையில் கொண்டுபோய்க் கொடுப்பது, அவர்கள் சாப்பிடும் நேரத்தில் சூடு பண்ணிக்கொள்வது என்று ஏற்பாடு. ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று ஏழாவதாக ஒரு பலகையும் வைத்தோம். இந்த ஏழாவது பலகைதான் பின்னால் சாட்சி சொன்னது.

சனி காலை பத்தரைக்கு மூட்டினோம். விறகு வேலிகாத்தான். சாலையோரத்திலும் ஏரிக்குள்ளும் மண்டிக் கிடக்கும் அதே முள்மரம். டெக்சாஸ்காரர்கள் கறி புகைக்கப் பெருமையாகப் பேசும் மெஸ்கீட் மரம் இதற்குப் பங்காளி என்பது பலருக்குத் தெரியாது. அந்த மரத்தைப் போலவே இதன் புகையும் காட்டமானது. தனியாக விட்டால் கசப்பு ஏறும். அதனால் பாதிக்குக் கொய்யாக் கட்டை சேர்ப்போம். எலும்புப் பக்கத்துச் சவ்வை உரித்து, உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், பூண்டு, கொஞ்சம் வெல்லத்தூள் தடவி, டிரம்முக்குள் 110 முதல் 120 டிகிரி வரை. மூன்று மணி நேரம் திறந்த புகை. பிறகு ஃபாயிலில் சுற்றி இரண்டு மணி நேரம். பிறகு பிரித்து, புளியும் வெல்லமும் தக்காளியும் சேர்த்துக் காய்ச்சிய சாஸைத் தடவி அரை மணி நேரம். நாலு மணிக்கு உள்ளே 93 டிகிரி. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் பலகை வில்லாக வளைந்து மேலே கீறல் விட்டது. அப்போதே ஓர் எலும்பைப் பிய்த்து இருவரும் தின்றோம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

வேகும்வரை எல்லாம் சரி. அதனால்தான் அதன் பிறகு நடந்ததை நாங்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஓவன் மேல் போட்ட பழி

ஆன்ட்டி என்ன செய்தார் என்று கேட்டோம். பலகைகளை ஒவ்வோர் எலும்பாக வெட்டி, ட்ரேயில் பரப்பி, ஓ.டி.ஜி. என்ற சின்ன ஓவனில் 180 டிகிரியில் மூடாமல் அரை மணி நேரம் வைத்திருக்கிறார். சென்னையிலிருந்து வர வேண்டியவர்களின் ரயில் தாமதம். அவர்கள் வந்ததும் ஆறிப்போனதை மறுபடி ஒரு கால் மணி நேரம் உள்ளே தள்ளியிருக்கிறார்.

மச்சான் உடனே தீர்ப்பு எழுதிவிட்டான். "வறுத்துட்டாங்க. நம்ம தப்பு இதுல இன்னா கீது? சூடு பண்றதை வறுக்கிறதுன்னு நெனச்சா யார் செஞ்சாலும் சக்கைதான்." எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒவ்வோர் எலும்பாக வெட்டினால் நாலு பக்கமும் ஈரம் போக வழி கிடைக்கிறது. 180 டிகிரி உலர்ந்த காற்று. அதுவும் இரண்டு தடவை. குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரிதான் இருந்தது.

அன்று இரவு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த ஏழாவது பலகையை எடுத்தோம். ஓவனில் வறுத்த பாவம் எங்களுக்கு வேண்டாம் என்று, ஃபாயிலில் சுற்றி இட்லிக் குண்டானில் ஆவியில் மெதுவாகச் சூடு பண்ணினோம். வெட்டவில்லை, வறுக்கவில்லை, ஒரே தடவைதான். பிரித்துப் பார்த்தால் இரண்டு ஓரங்களும் தோல் மாதிரி. நடுவில் பரவாயில்லை, ஆனால் முந்தின நாள் நாலு மணிக்குத் தின்ற கறி அது இல்லை. மச்சான் மென்றுகொண்டே என்னைப் பார்த்தான். ஆன்ட்டியின் ஓவனைப் பார்க்காத கறியும் காய்ந்திருந்தது.

அப்படியானால் அது ஓவனுக்குப் போகும் முன்பே காய்ந்துவிட்டது. சனி மாலை நாலு மணிக்கும் ஞாயிறு காலைக்கும் நடுவில் என்ன செய்தோம் என்று உட்கார்ந்து யோசித்தோம்.

ஃபாயிலில் இரண்டு மணி நேரம் சுற்றியிருந்தபோது ஊறி நின்ற சாறு, ஒரு பலகைக்கு அரை டம்ளராவது இருக்கும். பிரிக்கும்போது அதை அப்படியே தோட்டத்து ஓரம் ஊற்றினோம். பக்கத்து வீட்டு நாய்க்கு ஈஸ்டர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. வெந்த ஏழு பலகைகளையும் இரண்டு பெரிய தாம்பாளத்தில் பரப்பி, ஹாலில் ஃபேனைப் போட்டுவிட்டுப் போனோம். "சூடா ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாது" என்று அம்மா சொல்லி வளர்ந்த பிள்ளைகள். மூன்றரை மணி நேரம் கழித்து வந்து, மூடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஃப்ரிட்ஜில் தள்ளினோம். காலையில் எடுத்தபோது மேல்பக்கம் பளபளப்பு போய்க் கருகருவென்று வறண்டிருந்தது. நல்லாக் 'கெட்டிப்பட்டிருக்கு' என்று அதையும் நாங்கள் பாராட்டியதுதான் இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கறிக்குள் என்ன இருந்தது, எங்கே போனது

விலாக்கறி மெத்தென்று இருப்பதற்குக் காரணம் தண்ணீர் மட்டுமில்லை. எலும்பை ஒட்டியும் நார்களுக்கு நடுவிலும் கொலாஜன் என்ற இணைப்புத் திசு நிறைய இருக்கிறது. மணிக்கணக்கில் 80, 90 டிகிரியில் வைத்தால் அது கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. ஆட்டுக்கால் பாயாவை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் அல்வா மாதிரி அசைகிறதே, அதேதான். சூடாக இருக்கும்போது அது வழவழப்பான சாறு. ஆறினால் உறைந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தாலே உருகிவிடும்.

அதே நேரத்தில் தசை நார்கள் வேறு கணக்கில் போகின்றன. 50 டிகிரியைத் தாண்டும்போதே சுருங்க ஆரம்பித்து, 70-ஐ நெருங்கும்போது நன்றாக இறுகித் தங்களுக்குள் இருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. அதாவது 93 வரை போன கறியில் நார்கள் ஏற்கெனவே பிழிந்த துணிதான். நம் நாக்குக்கு அது தெரியாமல் மறைப்பது நார்களுக்கு இடையில் நிற்கும் ஜெலட்டின் சாறும் உருகிய கொழுப்பும். இந்தச் சாறு உள்ளே இருந்தால் மறுநாளும் கறி, போய்விட்டால் சக்கை. புதிதாக மென்மையை உண்டாக்க மறுசூட்டால் முடியாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும்.

அப்படிப் பார்த்தால் எங்கள் சனிக்கிழமை மாலை ஒரு கொள்ளை. சுற்றியிருந்த சாறு நாய்க்குப் போனது. கொதிக்கும் கறியிலிருந்து ஆவி பறப்பது கண்ணால் தெரியும். அது அத்தனையும் கறிக்குள் இருந்த தண்ணீர். அதன்மேல் ஃபேன் காற்று வேறு. தாம்பாளத்தில் வடிந்தது தனி. மிச்சத்தை மூடாத ஃப்ரிட்ஜின் வறண்ட காற்று ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். எங்கள் கறி எப்படி ஆறியது என்பதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

உப்புக்கண்டம் போடுகிறவர்கள் செய்வதும் இதுதானே என்று மச்சான் கேட்டான். உண்மைதான். உப்புப் போட்டு, காற்றோட்டத்தில் ஈரத்தை ஓட்டி. உப்புக்கண்டம் வேண்டும் என்று நினைத்துச் செய்தால் அது திறமை.

நாலு அரைப் பலகைகள்

அடுத்த சனிக்கிழமை ஆர்டர் எடுக்கவில்லை. இரண்டு பலகை வாங்கி அதே மாதிரி வேகவைத்து, ஒவ்வொன்றையும் குறுக்கே பாதியாக வெட்டினோம். நாலு அரைப் பலகை. இரண்டை ஈஸ்டர் முறைப்படி ஃபேனுக்கு அடியில் ஆறவைத்து மூடாமல் ஃப்ரிட்ஜில். மற்ற இரண்டையும் மூடிக் கட்டி ஐஸில் ஆறவைத்தோம். மறுநாள் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை 180 டிகிரி ஓவனில் திறந்தபடி அரை மணி நேரம், இன்னொன்றை ஃபாயிலில் சுற்றி ஆவியில்.

யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லாமல் வீட்டில் ஐந்து பேருக்குக் கொடுத்தோம். மூடி ஆறவைத்து ஆவியில் சூடு பண்ணியது முதலில் காலியானது. அதில் ஆச்சரியம் இல்லை. ஃபேனும் ஓவனும் சேர்ந்தது அப்படியே ஈஸ்டர், அதிலும் ஆச்சரியம் இல்லை. நடுவில் இருந்த இரண்டில்தான் விஷயம். ஃபேனில் ஆறவைத்து ஆவியில் பக்குவமாகச் சூடு பண்ணியதைவிட, மூடி ஆறவைத்து ஓவனில் வறுபட்டது மேல் என்று நாலு பேர் சொன்னார்கள். என் மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு ஓவனில் மேலே கருகிய வெல்லம் பிடிக்காது.

இரண்டு பலகையும் ஐந்து நாக்கும் சேர்ந்து எதையும் நிரூபித்துவிடாது. ஆனால் எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சூடு பண்ணுவதைத் திருத்தினால் கொஞ்சம் மீளும், ஆறவைப்பதைத் திருத்தினால் நிறைய மீளும்.

அதே நாளில் இன்னொரு எலும்புத் துண்டைக் குக்கரில் வைத்து ஒரு விசில் விட்டுப் பார்த்தோம். உள்ளே சுமார் 120 டிகிரி அழுத்த ஆவி. எலும்பிலிருந்து கறி தானாக விழுந்தது. பார்க்க அழகு, வாயில் போட்டால் நூல் நூலாகப் பிரிகிறது. மேலே பூசிய மசாலா முழுக்கத் தண்ணீரில். மைக்ரோவேவ் ஒன்றிரண்டு எலும்புக்கு மோசமில்லை, பாதிச் சக்தியில், மேலே ஈரத்துணி மூடி. முழுப் பலகைக்கு அது ஆகாது. ஓரம் காய்ந்து முடியும்போதும் நடு சில்லென்றே இருக்கும்.

பாய் சொன்னது

ஆம்பூர்ப் பக்கம் கல்யாணங்களுக்குப் பிரியாணி போடும் மாஸ்டர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். அவரிடம் யோசனை கேட்பதா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் உள்ளதைச் சொல்லியே கேட்டேன். "அது நம்ம வேலை இல்ல தம்பி. மாட்டு விலான்னு நெனச்சுச் சொல்றேன், கேட்டுக்கங்க" என்று சிரித்தார்.

"தம் ஒடச்ச தேக்சாவ யாராச்சும் தெறந்து போட்டுட்டுத் தூங்குவாங்களா? மூடி வெச்சாத்தானே சோறு சோறா இருக்கும். லேட்டா வர்றவங்களுக்கு மறுபடி சூடு வேணும்னா, கிண்டக் கூடாது. ஓரத்துல கொஞ்சம் சூடான யக்னி ஊத்தி, மேல ஈரத்துணி, அதுமேல மூடி, மூடிமேல கங்கு. கீழ லேசா. அவ்ளோதான். அவசரப்பட்டு அடிய எரிச்சா அடியும் போச்சு, மேலயும் ஆறியே கெடக்கும்."

யக்னி என்றால் எலும்புச் சாறு. நாங்கள் நாய்க்கு ஊற்றியதும் அதுதான். ஃபாயில், ஆப்பிள் ஜூஸ், குறைந்த சூட்டு ஓவன் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் முறையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது தம்தான். ஆப்பிள் ஜூஸுக்காக இனி கடைக்குப் போவதில்லை என்று அன்றே முடிவு செய்தோம். அதன் வேலை ஈரமும் லேசான புளிப்பு இனிப்பும். கறியின் சொந்தச் சாற்றில் நாலு சொட்டுப் புளித்தண்ணீர் விட்டால் அது வந்துவிடுகிறது.

வேலூரில் ஏது 'அறை வெப்பநிலை'

இந்தத் தப்பில் சுவையைவிடப் பெரிய பயம் ஒன்று ஒளிந்திருந்தது. அன்று யாருக்கும் வயிறு கெடவில்லை. அது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

சமைத்த கறியில் 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் பெருகும். அதில் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற ஒன்று, வித்து வடிவத்தில் சமையல் சூட்டையும் தாங்கிக்கொண்டு காத்திருக்கும். கறி மெல்ல ஆறி 40 சொச்சம் டிகிரியில் நிற்கும் நேரம்தான் அதற்குக் கொண்டாட்டம். கல்யாண வீட்டு அண்டாக்களில் வரும் வயிற்றுப்போக்குக்கு இது ஒரு பழைய காரணம். அதனால்தான் 60-லிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 21-க்கும், அதன்பின் நாலு மணி நேரத்துக்குள் 5-க்கும் கீழே இறக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்த 21-ஐ வேலூரில் ஏப்ரல் மாதம் யோசித்துப் பாருங்கள். பகலில் 40-ஐத் தொடும் ஊர். ராத்திரி எட்டு மணிக்கும் ஹாலில் 30-க்கு மேல். மேஜைமேல் வைத்த கறி விடிய விடிய இருந்தாலும் 21-க்கு வராது. 'அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைக்கவும்' என்று குளிர் நாட்டில் எழுதியதை இங்கே அப்படியே செய்தால், அந்த அறை வெப்பநிலைதான் கிருமிக்குத் தொட்டில். 'சூடு பண்ணும் முன் ஒரு மணி நேரம் வெளியே எடுத்து வைக்கவும்' என்பதும் அப்படியே. நாங்கள் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக அடுப்புக்குத்தான் கொண்டுபோகிறோம்.

சூடாக ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்று அம்மா சொன்னதிலும் நியாயம் உண்டு. ஏழு சூடான பலகையை அடுக்கினால் ஃப்ரிட்ஜ் திணறும், பக்கத்துப் பாலும் கெடும். அதற்கு வழி ஃபேன் இல்லை, ஐஸ்.

இப்போது செய்வது இப்படி. டிரம்மிலிருந்து எடுத்ததும் ஒரு கால் மணி நேரம் திறந்து வைக்கிறோம். கொதி அடங்காமல் மூடினால் உள்ளே வெந்துகொண்டே போய்க் குழைந்துவிடும். உள்ளே 65 வந்ததும் பலகையைக் குறுக்கே பாதியாக வெட்டி, தணலில் வாட்டிய வாழை இலையில் வைத்து, அதற்கான சாற்றில் இரண்டு மூன்று கரண்டி ஊற்றி மடித்து, மேலே இரண்டு சுற்று ஃபாயில். இலை அழகுக்காக இல்லை. புளியும் உப்பும் சேர்ந்த சாஸ் அலுமினியத்தை அரிக்கும். ராத்திரி முழுக்க நேராகப் பட்டால் ஃபாயிலில் புள்ளிப் புள்ளியாக ஓட்டை விழும், கறியில் உலோக வாடை ஏறும். கட்டிய பொட்டலத்தைத் தடித்த ஜிப் பையில் போட்டு, மீன்காரர்கள் வைத்திருப்பது மாதிரிப் புதுத் தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸும் தண்ணீருமாக நிரப்பி முக்கிவிடுகிறோம். தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் 20-க்குக் கீழே. அப்புறம் ஃப்ரிட்ஜில், ஒரே வரிசையாக, அடுக்காமல்.

மூடி வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. முந்தின நாள் கறிக்கு ஒரு பழைய வாடை வருமே, அது கொழுப்பு காற்றோடு சேர்ந்து கெடுவதால் வருவது. புகையில் உள்ள பீனால்கள் அதைக் கொஞ்சம் தடுக்கும், காற்றே படாமல் இருந்தால் இன்னும் நல்லது.

மிச்சச் சாற்றைத் தனி டப்பாவில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் மேலே வெள்ளைக் கொழுப்பு, கீழே பழுப்பு ஜெல்லி. கொழுப்பை வழித்துவிட்டு ஜெல்லியைப் பொட்டலங்களோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.

மறுபடி பாகாயம்

ஜூன் மாதம் ஆன்ட்டியை நானே கூப்பிட்டேன். பணம் வேண்டாம், இரண்டு பலகை மட்டும், அதே ஓவனில் சூடு பண்ண வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். "என்னை வெச்சுப் பரீட்சையா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன்.

ஒரு தாளில் எழுதியும் கொடுத்தோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பொட்டலத்தைப் பிரிக்காமல் ட்ரேயில் வைத்து 125 டிகிரியில் ஐம்பது நிமிடம். தெர்மாமீட்டர் இருந்தால் கறியின் தடித்த இடத்தில் 74 காட்ட வேண்டும். அது கிருமிக்காக. அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போவதில் கறிக்கு ஒரு நன்மையும் இல்லை. வெளியே எடுத்துப் பத்து நிமிடம் மூடியபடியே விட வேண்டும். உருகி ஓடும் ஜெலட்டின் கொஞ்சம் கெட்டிப்பட்டு நார்களுக்கிடையில் நிற்க அந்த நேரம் வேண்டும். பிறகு பிரித்து, ஜெல்லியோடு கொதிக்கவைத்த சாஸைத் தடவி, ஓவனின் மேல் சூட்டுக் கம்பியை மட்டும் போட்டு நாலு நிமிடம், பக்கத்திலேயே நின்று. வெல்லம் இருக்கிறது, திரும்பிப் பார்ப்பதற்குள் கருகும். எலும்பு எலும்பாக வெட்டுவது கடைசியில், இலைக்குப் போகும் முன். ஓவன் இல்லாதவர்களுக்கு இட்லிக் குண்டானில் அதே பொட்டலம் இருபத்தைந்து நிமிடம், பிறகு சூடான தோசைக்கல்லில் சாஸ் பக்கம் ஒரு நிமிடம். பொட்டலத்தைப் பிரித்து ஆவியில் வைக்காதீர்கள். தண்ணீர் சொட்டி மசாலா முழுக்கக் கழுவிப் போய்விடும்.

யாராவது லேட்டாக வந்தால் என்ன செய்வது என்று ஆன்ட்டி கேட்டார். ஈஸ்டரன்று அவர் மாட்டிக்கொண்டது அங்கேதானே. வந்தவர்களுக்கு வேண்டியதை மட்டும் சூடு பண்ணுங்கள், வராதவர்களின் பொட்டலம் ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும் என்றேன். அரைப் பலகையாகக் கட்டுவதே இதற்காகத்தான். ஒரு தடவை சூடு பண்ணியதை மறுபடி ஆறவைத்துச் சூடு பண்ணுவது கிடையாது.

அன்று மதியம் போன் வரவில்லை. மூன்று மணிக்கு நானே பொறுக்காமல் கூப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். "நல்லா இருந்துச்சுப்பா. மாமியார் ரெண்டு எலும்பு சாப்பிட்டாங்க, பல் செட்டோட." பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அன்னைக்கு மேல ஒரு மொறுமொறுப்பு இருந்துச்சு, அது இதுல இல்ல" என்றார்.

அது சரிதான். மூடிய பொட்டலத்தில் ராத்திரி முழுக்க ஈரத்தோடு கிடந்த மேல்தோல், நாலு நிமிட மேல் கம்பியில் பளபளப்பாகும், மொறுமொறுப்பாகாது. கரி அடுப்பின் தணலில் வாட்டினால் கொஞ்சம் வருகிறது. அதை வீட்டில் யாரும் செய்ய மாட்டார்கள். சாஸ் இல்லாமல் மசாலாப் பூச்சோடு மட்டும் கட்டி, சாஸைத் தனியாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மச்சான் சொல்கிறான். வருகிற சனிக்கிழமைக்கு ஒரு பலகை சொல்லி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, ஜெல்லி டப்பாவில் பாதியை ஆன்ட்டி சாஸில் போடாமல் மறுநாள் காலை நெஞ்செலும்புக் குழம்பில் கரைத்துவிட்டாராம். "அந்த டப்பா மட்டும் தனியா விப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.